செருகாமல் வரும் மின்சாரம்

கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு மாலை, நானும் என் சித்தப்பாவும் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு இ-ஹெய்லிங் மகிழுந்தில் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி ஆறு இருக்கும். அந்த நேரத்தில் கூட்டரசு நெடுஞ்சாலை எப்படி இருக்கும் என்பதை அவ்வழியே போய்வருபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெட்டாலிங் ஜெயாவை நெருங்கியதும் முன்னால் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. எங்கள் மகிழுந்தும் நின்றது. நின்ற மறு நொடியே இன்ஜின் ஓசையும் அடங்கிவிட்டது.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்ன தம்பி, வண்டி பழுதாகிவிட்டதா?"

ஓட்டுநர் சிரித்தார். "இல்லைங்க ஐயா. இது ஹைபிரிட் வண்டி. நின்றால் இன்ஜின் தானாக அணைந்துவிடும். ஆனால், குளிர்சாதனம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பாருங்கள்."

"அப்படியானால் இரவில் வீட்டில் செருகி மின்சாரம் ஏற்றிவிடுவீர்களா?"

"செருகுவதற்கு இதில் இடமே இல்லைங்க. பெட்ரோல் மட்டும்தான் போடுகிறேன்."

முன் வரிசை நகர்ந்தது. எங்கள் மகிழுந்து ஓசையே இல்லாமல் சில மீட்டர் ஊர்ந்தது. பிறகுதான் இன்ஜின் மெல்ல உயிர்பெற்றது. சித்தப்பா என் பக்கம் திரும்பி, "செருகுவதும் இல்லை, இன்ஜினும் ஓடவில்லை. அப்படியென்றால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

அவர் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பதினைந்து ஆண்டுகள் ஓடிய அவருடைய மகிழுந்து, மாதத்தில் பாதி நாள் பட்டறையில் கிடந்தது. அடுத்த ஆண்டு அவருடைய மகள் பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள். கையிருப்பை எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். பழைய வாகனங்களை விற்கும் ஒருவர், ஒன்பது ஆண்டுகள் ஓடிய ஹைபிரிட் மகிழுந்து ஒன்றைக் காட்டி, "இதில் மின்சாரம் இலவசம்" என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல் சித்தப்பாவின் மனத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இலவசம் என்பது தவறு. செருகி இல்லாத ஹைபிரிட் மகிழுந்து பயன்படுத்தும் ஆற்றல் முழுவதும், கடைசித் துளி வரை, பெட்ரோலிலிருந்தே வருகிறது. அதன் திறமை புதிய ஆற்றலை உண்டாக்குவதில் இல்லை. மற்ற மகிழுந்துகள் வீணாக்கும் ஆற்றலில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்துக்கொள்வதில்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள, முதலில் சாதாரண மகிழுந்தில் பெட்ரோல் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 32 மெகாஜூல் ஆற்றல் அடங்கியுள்ளது. நகரச் சாலையில் ஓடும் இன்ஜின், அதில் சுமார் கால் பங்கை மட்டுமே இயக்கமாக மாற்றுகிறது. பல நேரங்களில் அதைவிடக் குறைவு. மற்றவை புகைக்குழாய் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறிவிடுகின்றன. நெடுந்தூரம் ஓடி வந்த மகிழுந்தின் முன்மூடிமேல் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

அந்தக் கால் பங்காவது நிலைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. 1,400 கிலோகிராம் எடையுள்ள மகிழுந்து ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் அறிவியல் பாடத்தில் படித்த இயக்க ஆற்றல் சூத்திரத்தில் இந்த எண்களை இட்டுப் பாருங்கள். வேகத்தை வினாடிக்கு மீட்டராக மாற்ற மறந்துவிடாதீர்கள். விடை ஏறத்தாழ 194 கிலோஜூல். சமிக்ஞை விளக்கு சிவப்பாகிறது. ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். அந்த 194 கிலோஜூலும் பிரேக் தகடுகளில் உரசி வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. மீண்டும் பச்சை விளக்கு எரிந்ததும் அதே வேகத்தை எட்ட, இன்ஜின் இன்னொரு 194 கிலோஜூலைத் தர வேண்டும். கால் பங்கு திறனில் அதைத் தருவதற்கு 24 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகிறது. அதாவது, ஐந்து தேக்கரண்டி. ஒவ்வொரு முறை இப்படி நிற்கும்போதும் ஐந்து தேக்கரண்டி பெட்ரோலைச் சாலையோரத்தில் ஊற்றிவிட்டுப் போவதற்கு இது சமம். இவ்வாறு நாற்பது முறை நின்று புறப்பட்டால் ஒரு லிட்டர் தீர்ந்துவிடும்.

நின்ற இடத்திலும் செலவு நிற்பதில்லை. நெரிசலில் அசையாமல் இருக்கும் சாதாரண மகிழுந்தின் இன்ஜின், குளிர்சாதனத்தையும் இயக்கியபடி, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடித்துவிடும். ஓர் அங்குலம்கூட நகராமல்!

பிரேக்கில் போகும் ஆற்றலை எப்படிப் பிடிப்பது? உங்கள் தாத்தாவின் மிதிவண்டியை நினைத்துப் பாருங்கள். முன்சக்கரத்தில் உரசிச் சுழலும் சிறிய டைனமோ ஒன்று அதில் இருந்திருக்கும். சக்கரம் சுழன்றால் விளக்கு எரியும். ஆனால், டைனமோவைச் சக்கரத்தோடு சேர்த்துவிட்டால் மிதிப்பது கடினமாகிவிடும். காரணம் எளிது. விளக்குக்குப் போகும் மின்சாரம் மிதிப்பவரின் கால்களிலிருந்து எடுக்கப்படுகிறது. மிதிப்பதை நிறுத்தினால், சக்கரத்தின் வேகத்திலிருந்து எடுக்கப்படும். அதாவது, மின்சாரம் உண்டாக்கும் டைனமோ, அதே வேளையில் ஒரு பிரேக்காகவும் வேலை செய்கிறது.

ஹைபிரிட் மகிழுந்தில் நடப்பதும் இதுதான். அதிலுள்ள மின்மோட்டாருக்கு இரண்டு முகங்கள் உண்டு. மின்சாரத்தைக் கொடுத்தால் அது சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் அதைச் சுழற்றினால் மின்சாரத்தைக் கொடுக்கும். ஓட்டுநர் பிரேக்கை மெதுவாக மிதிக்கும்போது, கணினி முதலில் மின்மோட்டாரை மின்னாக்கியாக மாற்றிவிடுகிறது. மகிழுந்தின் வேகம் குறைகிறது. குறைந்த வேகம் மின்சாரமாகி மின்கலத்தில் சேர்கிறது. திடீரென்று அழுத்தி மிதித்தால் வழக்கமான உரசும் பிரேக்கும் சேர்ந்துகொள்ளும். இதனால்தான் ஹைபிரிட் மகிழுந்துகளில் பிரேக் தகடுகள் நீண்ட காலம் உழைக்கின்றன. நாம் அமர்ந்திருந்த மகிழுந்து ஓசையின்றி ஊர்ந்து சென்றதே, அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி அதற்கு முந்திய சமிக்ஞை விளக்கில் சேமிக்கப்பட்டதாக இருக்கலாம்.

சேமித்ததெல்லாம் அப்படியே திரும்பக் கிடைத்துவிடாது. சக்கரத்திலிருந்து மின்கலத்துக்குப் போகும்போது கொஞ்சம், மின்கலத்திலிருந்து சக்கரத்துக்குத் திரும்பும்போது கொஞ்சம் என வழியெல்லாம் இழப்பு உண்டு. ஆனாலும், ஒன்றும் கிடைக்காத இடத்தில் ஒரு பங்கு கிடைப்பது ஆதாயம்தான்.

இரண்டாவது சேமிப்பு இன்னும் சுவையானது. பலர் இதைக் கவனிப்பதில்லை. பெட்ரோல் இன்ஜின் எல்லா நேரத்திலும் ஒரே திறனில் வேலை செய்வதில்லை. ஓரளவு நல்ல சுமையோடு நடுத்தர வேகத்தில் சுழலும்போது அது சிக்கனமாக இருக்கும். நெரிசலில் ஊர்வதுபோன்ற இலேசான வேலையைக் கொடுத்தால் பெட்ரோலை வீணாக்கும். பத்துப் பேருக்குச் சமைக்கும் பெரிய பானையில் ஒருவருக்குத் தேநீர் போடுவதைப் போன்றது அது. ஹைபிரிட் மகிழுந்தில் இலேசான வேலைகளை மின்மோட்டார் ஏற்றுக்கொள்கிறது. இன்ஜின் ஓடத் தொடங்கினால் நல்ல சுமையோடு ஓடுகிறது. தேவைக்கு மேல் கிடைக்கும் ஆற்றலை மின்கலத்துக்கு அனுப்பிவிடுகிறது.

இதனால் இன்ஜினையே வேறு விதமாக வடிவமைக்க முடிந்தது. ஜேம்ஸ் அட்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1882ஆம் ஆண்டில் ஒரு புதிய சுழற்சி முறையை உருவாக்கினார். எரிந்து விரியும் வாயு, அது அழுத்தப்பட்ட தூரத்தைவிடக் கூடுதலான தூரம் உந்துதண்டைத் தள்ளும்படி அவர் அமைத்தார். ஒவ்வொரு துளியிலிருந்தும் கூடுதல் வேலை கிடைத்தது. ஆனால், அத்தகைய இன்ஜினுக்கு வலிமை குறைவு; நின்ற நிலையிலிருந்து மகிழுந்தை விரைவாகக் கிளப்ப அதனால் இயலாது. மின்மோட்டாரோ இதற்கு நேர்மாறு. சுழலத் தொடங்கும் முதல் கணத்திலேயே அது தன் முழு இழுவிசையையும் தந்துவிடும். சிக்கனமான சோம்பேறி இன்ஜினையும் சுறுசுறுப்பான மின்மோட்டாரையும் சேர்த்துவிட்டால், ஒன்றின் குறையை மற்றொன்று மறைத்துவிடுகிறது. இன்றைய ஹைபிரிட் மகிழுந்துகள் பலவற்றில், வால்வு மூடும் நேரத்தைத் தாமதப்படுத்துவதன் மூலம் இதே பயன் பெறப்படுகிறது.

இரண்டு ஆற்றல்களும் ஒரே சக்கரத்தில் எப்படிச் சேர்கின்றன? டொயோட்டா நிறுவனத்தின் பிரியஸ் மகிழுந்து கையாண்ட வழி அழகானது. நடுவில் ஒரு பற்சக்கரம். அதன் பெயர் சூரியன். அதைச் சுற்றி ஓடும் சிறிய பற்சக்கரங்கள் கோள்கள். எல்லாவற்றையும் சூழ்ந்து ஒரு பல்வளையம். சூரியனில் மின்னாக்கியும், கோள்களைத் தாங்கும் சட்டத்தில் இன்ஜினும், வெளிவளையத்தில் மின்மோட்டாரும் சக்கரங்களும் இணைக்கப்பட்டன. இன்ஜின் சட்டத்தைச் சுழற்றும்போது, அதன் முறுக்குவிசையில் ஏறத்தாழ 72 விழுக்காடு வளையத்தின் வழியே நேராகச் சக்கரங்களுக்குச் செல்லும். எஞ்சிய 28 விழுக்காடு மின்னாக்கியைச் சுழற்றும். மூன்று சுழற்சிகளும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்துச் சுழல்வதால், வழக்கமான கியர் பெட்டியே தேவைப்படவில்லை.

எல்லா ஹைபிரிட் மகிழுந்துகளும் இவ்வாறு அமைந்தவை அல்ல. சிலவற்றில் இன்ஜின் மின்சாரம் தயாரிக்க மட்டுமே ஓடும். சக்கரத்தை மின்மோட்டார்தான் சுழற்றும். இது தொடர் வகை. வேறு சிலவற்றில் மின்மோட்டார் இன்ஜினுக்குத் தோள்கொடுக்கும். அது இணை வகை. பெரிய மின்கலத்தோடு, வீட்டிலும் மின்னேற்றம் செய்யக்கூடிய செருகு வகையும் உண்டு. இவற்றோடு, விற்பனைக் கூடங்களில் 'மைல்ட் ஹைபிரிட்' என்ற பெயரையும் காண்பீர்கள். அதிலுள்ள சிறிய மோட்டார் பொதுவாகத் தனியாக மகிழுந்தை ஓட்டாது. பெயர்ப்பலகையில் ஹைபிரிட் என்று எழுதியிருப்பதை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது.

இந்தச் சிந்தனை புதியதன்று. ஃபெர்டினான்ட் போர்ஷே என்ற இளம் பொறியாளர், வியன்னா நகரில் லோனர் என்ற வண்டிக் கட்டுமான நிறுவனத்தில் பணியாற்றியபோது, 1900ஆம் ஆண்டிலேயே பெட்ரோல் இன்ஜினும் சக்கரத்துக்குள் பொருத்திய மின்மோட்டாரும் கொண்ட ஒரு வாகனத்தை உருவாக்கினார். அதற்கு 'எப்போதும் உயிருள்ளது' என்று பொருள்படும் இலத்தீன் பெயரைச் சூட்டினார். ஆனால், அந்தக் கால மின்கலங்கள் மிகவும் கனமானவை. பெட்ரோலோ போகப்போக மலிவானது. பெயரில் இருந்த உயிர் வண்டிக்கு வாய்க்கவில்லை. பல்லாண்டுகள் ஹைபிரிட் என்பது ஆய்வுக்கூடங்களோடு நின்றுவிட்டது.

1993ஆம் ஆண்டில் டொயோட்டா, 21ஆம் நூற்றாண்டுக்கான மகிழுந்து எப்படி இருக்க வேண்டும் என்று ஆராயத் தொடங்கியது. தக்கேஷி உச்சியமாடா தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டார். எரிபொருள் சிக்கனத்தை ஒன்றரை மடங்காக்கலாம் என்று முதலில் அவர் குழு எண்ணியிருந்தது. இரண்டு மடங்காக்க வேண்டும் என்று மேலிடம் கேட்டது. வழக்கமான இன்ஜினைச் செம்மைப்படுத்தி அந்த இலக்கை எட்ட முடியாது. ஹைபிரிட் ஒன்றுதான் வழி என்ற முடிவுக்குக் குழு வந்தது. 1995ஆம் ஆண்டின் இறுதியில் முதல் சோதனை மகிழுந்து தயாரானது. ஆனால், அது அசையவில்லை. பொறியாளர்கள் இரவு பகலாகக் காரணம் தேடினர். 49 நாள்களுக்குப் பிறகுதான் அது முதன்முதலாக நகர்ந்தது. அதுவும் 500 மீட்டர் ஓடிவிட்டு நின்றுவிட்டது! இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். இன்று நாம் வியந்து பேசும் ஒரு கண்டுபிடிப்பு, ஏறத்தாழ ஏழு வாரங்கள் ஒரு கூடத்தின் தரையில் அசையாமல் கிடந்திருக்கிறது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, 1997 டிசம்பரில், பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதே மாதத்தில்தான் பருவநிலை மாற்றம் பற்றிய உலக நாடுகளின் மாநாடு ஜப்பானின் கியோட்டோ நகரில் நடைபெற்றது. 1999இல் ஹோண்டா நிறுவனம் இன்சைட் என்ற இரண்டு இருக்கை ஹைபிரிட் மகிழுந்தை வெளியிட்டது. 2000ஆம் ஆண்டில் பிரியஸ் மற்ற நாடுகளுக்கும் சென்றது. தொடக்கத்தில் ஆர்வலர்கள் மட்டுமே வாங்கினர். பின்னர், பெட்ரோல் விலை ஏறியது, அரசாங்கங்கள் வரிச்சலுகை அளித்தன, நம்பிக்கையும் வளர்ந்தது. 2009ஆம் ஆண்டில் ஜப்பானில் மிக அதிகமாக விற்பனையான மகிழுந்து பிரியஸ்தான். 2017 ஜனவரிக்குள் டொயோட்டா மட்டும் உலகெங்கும் ஒரு கோடி ஹைபிரிட் வாகனங்களை விற்றிருந்தது.

நம் நாட்டில் இந்த வளர்ச்சியைத் திறந்துவிட்ட சாவி வரிதான். வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் மகிழுந்துகளுக்கு மலேசியாவில் இறக்குமதி வரியும் கலால் வரியும் உண்டு. 2011 முதல் 2013 இறுதி வரை, 2,000 சிசிக்குக் குறைந்த இன்ஜின் கொண்ட ஹைபிரிட் மகிழுந்துகளுக்கு இவ்விரு வரிகளும் முழுமையாக விலக்கப்பட்டன. ஹோண்டா இன்சைட் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்கும் குறைவான விலைக்குக் கிடைத்தது. சாலைகளில் ஹைபிரிட் மகிழுந்துகள் திடீரென்று பெருகின. 2012இல் ஜாஸ் ஹைபிரிட் மகிழுந்தை மலாக்காவிலுள்ள பெகோ தொழிற்சாலையிலேயே பொருத்தத் தொடங்கினர். 2013 முடிந்ததும் இறக்குமதியானவற்றுக்கான சலுகை நின்றது, விலை ஏறியது, வாங்குவோரின் வேகமும் தணிந்தது. பிறகு, உள்நாட்டில் பொருத்தப்படும் வகைகளால் ஆர்வம் மீண்டும் தலைதூக்கியது. 2022இல் கிள்ளான் புக்கிட் ராஜாவில் பொருத்தப்பட்ட கொரோலா கிராஸ் ஹைபிரிட் அவற்றுள் ஒன்று. ஆக, ஒரு தொழில்நுட்பம் சிறந்ததாக இருந்தால் மட்டும் மக்கள் வாங்கிவிடுவதில்லை. விலை கைக்கு எட்ட வேண்டும்.

சித்தப்பாவின் கைக்கு எட்டியதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மேசையில் அமர்ந்து கணக்குப் போட்டோம். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்வர, ஆண்டுக்குச் சுமார் 18,000 கிலோமீட்டர். அவர் போகும் நெரிசலில் சாதாரண மகிழுந்து 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் கேட்கும் என்றும், ஹைபிரிட் 5 லிட்டர் கேட்கும் என்றும் வைத்துக்கொண்டோம். ஆண்டுக்கு மிச்சம் 540 லிட்டர். 2025 செப்டம்பர் வரை இருந்த விலைப்படி, ரோன் 95 பெட்ரோல் லிட்டருக்கு 2 ரிங்கிட் 5 சென் என்று கணக்கிட்டால் 1,107 ரிங்கிட்.

"இவ்வளவுதானா?" என்றார் சித்தப்பா. அவர் முகம் வாடிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்தாலும் 5,535 ரிங்கிட். மின்கலத்தை மாற்ற நேர்ந்தால் சில ஆயிரம் ரிங்கிட் ஆகும் என்று பட்டறையில் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். மிச்சப்படுத்தியது முழுவதும் அதிலேயே கரைந்துவிடலாம். பெட்ரோலுக்கு மானியம் உள்ள நாட்டில், சிக்கனத்தின் பரிசும் சிறியதாகிவிடுகிறது. அதே 540 லிட்டர், பெட்ரோல் 3 ரிங்கிட்டுக்கு விற்றால் 1,620 ரிங்கிட் ஆகியிருக்கும்.

அருகில் இருந்த அவருடைய மகள் வேறொரு கணக்குப் போட்டாள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகும். (ஒரு லிட்டர் பெட்ரோலின் எடையே ஒரு கிலோகிராமுக்குக் குறைவுதானே என்று நீங்கள் கேட்கலாம். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜனும் சேர்ந்துகொள்வதால் எடை கூடுகிறது.) 540 லிட்டருக்கு 1,242 கிலோகிராம். "அப்பா, ஒரு வருடத்தில் ஒரு டன்னுக்கு மேல்!" என்றாள். சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால், அந்த எண்ணைத் தாளில் எழுதி அடிக்கோடிட்டார்.

இதே கணக்கை ஈப்போவில் இருக்கும் என் மாமாவுக்குப் போட்டால் விடை மாறிவிடும். அவர் வாரந்தோறும் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் போகிறவர். பிரேக் மிதிக்காதவருக்கு மீட்டெடுக்க ஆற்றல் ஏது? காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்கான செலவை எந்த மின்கலமும் திருப்பித் தராது. சிக்கனமான இன்ஜினால் ஓரளவு மிச்சமாகும், அவ்வளவே. சாதாரண மகிழுந்து நெரிசலில் அதிகம் குடிக்கும், நெடுஞ்சாலையில் சிக்கனமாக இருக்கும். ஹைபிரிட் மகிழுந்து, மற்றவர்கள் எரிச்சலோடு நிற்கும் இடத்தில்தான் தன் விலைக்கு நியாயம் சொல்கிறது.

முடிவு செய்வதற்கு முன், அந்த ஒன்பது ஆண்டு ஹைபிரிட் மகிழுந்தை, இவ்வகை வாகனங்களில் பழகிய பட்டறை ஒன்றுக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்தவர் முன்மூடியைத் திறப்பதற்கு முன் பின்னிருக்கையின் ஓரத்தைத்தான் பார்த்தார். அங்கே சிறிய சல்லடை போன்ற ஒரு திறப்பு இருந்தது. மின்கலத்தைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகும். அதைத் துணிமூட்டை, பை போன்றவற்றால் மூடினாலோ, தூசி அடைத்துக்கொண்டாலோ, நம் நாட்டு வெப்பத்தில் மின்கலம் சூடேறி விரைவில் நலிந்துவிடும். அவர் சல்லடையைக் கழற்றினார். உள்ளே பூனை முடியும் பஞ்சும் தூசியும் மெத்தைபோல் படிந்திருந்தன.

பிறகு கணினியை இணைத்து மின்கலத் தொகுதிகளின் மின்னழுத்தத்தைப் படித்தார். ஹைபிரிட் மின்கலம் என்பது ஒரே துண்டு அன்று. பல தொகுதிகள் வரிசையாகக் கோக்கப்பட்டது. எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவைக் காட்ட வேண்டும். அந்த மகிழுந்தில் இரண்டு தொகுதிகள் மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்திருந்தன. பொதுவாக, மின்கலத்தை முழுமையாகத் தீரவிடாமலும் முழுமையாக நிரம்பவிடாமலும் கணினி நடுநிலையிலேயே வைத்திருக்கும். அதன் நீண்ட ஆயுளுக்கு அதுவே காரணம். ஆனால், காற்றுப்பாதை அடைபட்டால் கணினியாலும் காப்பாற்ற முடியாது. முன்மூடிக்குக் கீழே ஓடிய தடித்த ஆரஞ்சு நிறக் கம்பிகளைக் காட்டி, "இவற்றில் உயர் மின்னழுத்தம் ஓடும். பயிற்சி இல்லாதவர்கள் கை வைக்கவே கூடாது" என்று அவர் எச்சரித்தார். சித்தப்பா அந்த மகிழுந்தை வாங்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு ஹைபிரிட் மகிழுந்து அமைந்தது. ஆறு ஆண்டுகள் ஓடியது. பராமரிப்புப் பதிவுகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. மின்கலத் தொகுதிகளும் சீராக இருந்தன. விலை அவர் நினைத்திருந்ததைவிடச் சற்றுக் கூடுதல்தான். இருந்தாலும், வாங்கிவிட்டார்.

முதல் நெடும்பயணமாகக் குடும்பத்தோடு கெந்திங் மலைக்குப் போனார். இறங்கும்போது பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார். "திரையில் மின்கலம் முழுவதும் நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறது. இன்ஜின் வேறு சத்தம் போடுகிறது. ஏதாவது கோளாறா?"

கோளாறு இல்லை. 1,400 கிலோகிராம் மகிழுந்து 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 3.8 கிலோவாட் மணி. அவ்வகை மகிழுந்தின் மின்கலம் மொத்தமாகவே ஒன்று அல்லது ஒன்றரை கிலோவாட் மணிதான் கொள்ளும். அதிலும் ஒரு பகுதியைத்தான் கணினி பயன்படுத்த விடும். ஆகவே, மலையடிவாரத்தை எட்டுவதற்கு வெகு முன்பே அது நிரம்பிவிடும். அதன்பிறகு கணினி, பெட்ரோல் செலுத்தாமல் இன்ஜினைச் சுழலவிட்டு, அந்த இழுவையையே பிரேக்காகப் பயன்படுத்துகிறது. அந்தச் சத்தத்தைத்தான் அவர் கேட்டிருக்கிறார். விசைத்தேர்வுக் கோலை 'பி' நிலைக்கு மாற்றி மெதுவாக இறங்கும்படி சொன்னேன்.

"சரி. அப்படியென்றால் மீதி ஆற்றல்?"

"வெப்பமாகக் காற்றோடு போய்விடுகிறது, சித்தப்பா."

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "மின்கலத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைத்திருக்கலாமே?" என்றார்.

"பெரிதாக வைத்தால் எடை கூடும், விலையும் கூடும். அப்படியும் செய்கிறார்கள். அதற்குத்தான் செருகு வகை ஹைபிரிட் இருக்கிறது."

"அதன் விலை என்ன?" என்று கேட்டார் சித்தப்பா. பின்னாலிருந்து அவருடைய மகள், "அப்பா, முதலில் இதை ஓட்டுங்கள்!" என்று சொல்வது எனக்குக் கேட்டது.